எண்ணிக் கொடுக்கும் மாத்திரை

(இந்தப் பாடத்தில் வரும் குடும்பமும் மருந்தாளுநரும் கற்பனை. மருந்துகள், ஆண்டுகள், சட்டங்கள், மையங்கள் பற்றிய விவரங்கள் உண்மை.)

1. மடித்து வைத்த காகிதம்

இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. மலைச்சரிவில் ஒரு தேயிலை எஸ்டேட். வரிசையாக லயத்து வீடுகள். அதில் ஒரு வீட்டில் ஒரு குடும்பம். மனைவி கொழுந்து பறிக்கிறாள். கணவர் கவாத்து வெட்டுகிறார். பெண் ஒன்று, பையன் ஒன்று.

சம்பள நாளில் மற்ற வீடுகளில் கறி வாசம் வரும். இந்த வீட்டில் சண்டைச் சத்தம் வரும். கணவர் பாதிச் சம்பளத்தைக் குடித்துவிட்டு வருவார். முன்பெல்லாம் சம்பள நாளில் மட்டும் குடித்தார். இப்போது தினமும் குடிக்கிறார். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது. ஒரு வாய் ஊற்றினால்தான் நடுக்கம் நிற்கிறது.

ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தாள். ஒரு மருந்து விளம்பரம். மனைவி மாலை வகுப்பில் படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமாம். குடியையே மறந்துவிடுவாராம்.

அவள் காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பஜாருக்குப் போனாள். மருந்துக் கடையில் ஒரு பெண் இருந்தார். வயது ஐம்பது இருக்கும். மலையாளம் பேசுகிறவர். தமிழும் நன்றாக வரும். படித்துப் பதிவு செய்த மருந்தாளுநர். முன்பு கம்பவுண்டர் என்று சொல்வோமே, அந்த வேலைதான். கடைக்குள் அவருடைய பதிவுச் சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

"சேச்சி, இந்த மருந்து இருக்கா?" மெதுவாகக் கேட்டாள்.

மருந்தாளுநர் காகிதத்தைப் படித்தார். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை பொறுத்திருந்தார்.

"யாருக்கு மோளே?"

"வீட்டுக்காரருக்கு. அவருக்குத் தெரியாம கொடுக்கணும். தெரிஞ்சா அடிப்பாரு."

"இந்தப் பொடியில என்ன இருக்குன்னு இதுல எழுதலையே. என்ன இருக்குன்னு தெரியாததை எப்படி சாப்பாட்டுல போடுவே?"

"அப்போ வேற மாத்திரை இருக்காமே. அதைச் சாப்பிட்டா குடிக்க முடியாதாமே. அதையாவது கொடுங்க."

"இருக்கு. டாக்டர் சீட்டு வேணும். சீட்டு இருந்தாலும், அவருக்குத் தெரியாம கொடுக்க நான் தரமாட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. மருந்தாளுநர் ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார்.

"அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடிச்சா என்ன ஆகும் தெரியுமா? முகம் சிவந்து போகும். நெஞ்சு படபடன்னு அடிக்கும். வாந்தி வரும். மூச்சு முட்டும். ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். சிலர் செத்தும் போயிருக்காங்க. மாத்திரை சாப்பிட்டது தெரிஞ்சவர் பயந்து குடிக்க மாட்டார். தெரியாதவர் என்ன செய்வார்? வழக்கம்போலப் போய்க் குடிப்பார்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மருந்தாளுநர் மறுபடி கேட்டார்.

"காலையில கை நடுங்குமா?"

"நடுங்கும் சேச்சி."

"அப்போ இன்னொண்ணும் கேட்டுக்கோ. இன்னிக்கே நிறுத்துன்னு சத்தியம் வாங்காதே. தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டுனு நிறுத்தினாலும் ஆபத்து. ஆஸ்பத்திரியில வச்சு, மருந்து கொடுத்து நிறுத்தணும்."

அவளுக்கு இது புதிதாக இருந்தது. குடித்தால் கெடுதல் என்று எல்லாரும் சொல்வார்கள். குடியை நிறுத்தினாலும் கெடுதலா?

2. கார்த்திகை மாதம்

கார்த்திகை பிறந்தது. எஸ்டேட்டில் பலர் சபரிமலைக்கு மாலை போட்டார்கள். அவள் கணவரும் போட்டார். "இனிமே தொடமாட்டேன்" என்றார். உண்மையாகவே தொடவில்லை. மாலை போடுவது நல்ல காரியம்தான். ஆனால் உடம்புக்கு ஒரு கணக்கு உண்டு.

முதல் நாள் மாலையில் கை அதிகமாக நடுங்கியது. உடம்பெல்லாம் வேர்த்தது. சோறு இறங்கவில்லை. இரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள் இரவு சுவரைப் பார்த்துக் கத்தினார். "பூச்சி ஏறுது, தட்டிவிடு" என்றார். சுவரில் ஒன்றும் இல்லை. சொந்தப் பையனை யார் என்று கேட்டார்.

பக்கத்து வீட்டார் கூடினார்கள். ஒருவர் சாமி வந்திருக்கிறது என்றார். ஒருவர் காத்து கருப்பு என்றார். திருநீறு போட வேண்டும் என்றார். அவளுக்கு மருந்தாளுநர் சொன்னது நினைவுக்கு வந்தது.

"திருநீறு பூசுங்க. ஆனா ஜீப்பையும் கூப்பிடுங்க" என்றாள்.

அந்த இரவே தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவர் பிழைத்தார்.

ஏன் இப்படி ஆயிற்று? மது மூளையின் வேகத்தைக் குறைக்கும். தினமும் குடிப்பவரின் மூளை அதை எதிர்த்து வேகமாக ஓடப் பழகிக்கொள்ளும். பிரேக் பிடித்துக்கொண்டே ஓட்டும் ஜீப்பை நினைத்துப் பாருங்கள். பிரேக் பிடித்திருப்பதால் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்க வேண்டும். திடீரென்று பிரேக்கை விட்டால் என்ன ஆகும்? வண்டி பாய்ந்துவிடும். குடியைச் சட்டென்று நிறுத்தினால் மூளையும் அப்படித்தான் பாய்கிறது.

கடைசியாகக் குடித்த சுமார் 6 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கலாம். முதல் 2 நாட்களில் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் குழப்பமும், இல்லாதது கண்ணில் தெரிவதும் வரலாம். வலிப்போ குழப்பமோ வந்தால் உயிருக்கு ஆபத்து. எல்லாருக்கும் இப்படி வராது. யாருக்கு வரும் என்று வீட்டில் இருந்து சொல்லவும் முடியாது. முன்பு ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம்.

3. 2020-ல் கேரளம் கண்டது

2020 மார்ச் மாதம். கொரோனா நோய் பரவியது. நாடு முழுவதும் ஊரடங்கு. கேரளத்தில் மதுக்கடைகளும் மூடப்பட்டன. தினமும் குடித்து வந்தவர்களுக்குத் திடீரென்று மது கிடைக்கவில்லை. பலருக்கு நடுக்கமும் குழப்பமும் வந்தன. சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள்.

மார்ச் 30 அன்று அரசு ஓர் உத்தரவு போட்டது. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் அப்படிப்பட்டவர்களுக்கு மது கொடுக்கலாம் என்றது. டாக்டர்கள் எதிர்த்தார்கள். இதற்கு மருந்து இருக்கிறது, மது இதற்கு மருந்தாகாது என்றார்கள். ஏப்ரல் 2 அன்று கேரள உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

அந்த நாட்களில் இரண்டு விஷயங்கள் எல்லாருக்கும் தெரிய வந்தன. ஒன்று, குடிநோய் உண்மையான நோய். இரண்டு, அதை நிறுத்த முறையான மருந்து இருக்கிறது. அந்த மருந்தை அளந்து, எண்ணிக் கொடுக்க ஆள் வேண்டும்.

4. பையில் இருந்தவை

ஆபத்து நீங்கியதும் அவரைத் தங்கிச் சிகிச்சை பெறும் மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் இருந்தார். நர்ஸ் இருந்தார். மனம்விட்டுப் பேச ஆலோசகர் இருந்தார். ஆஸ்பத்திரியின் மருந்தாளுநரும் வந்தார். அவர் ஓர் இளைஞர். வந்ததும் மனைவியிடம் கேட்டார்:

"அக்கா, வீட்டுல அண்ணன் என்னென்ன மருந்து சாப்பிட்டார்? எல்லாத்தையும் கொண்டு வந்தீங்களா?"

அவள் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தார்.

போடியில் வாங்கிய தூக்க மாத்திரை ஓர் அட்டை. அடிமாலியில் வாங்கிய தூக்க மாத்திரை இன்னோர் அட்டை. அட்டைகளின் நிறம் வேறு. கம்பெனிப் பெயர் வேறு. உள்ளே இருந்த மருந்து ஒன்றே!

"ரெண்டும் வேற வேறன்னு நினைச்சு ரெண்டையும் கொடுத்தேனே தம்பி!" என்று அவள் பதறினாள்.

"எல்லைப் பக்கத்துல இது சகஜம் அக்கா. மலைக்கு மேலே ஒரு டாக்டர், கீழே ஒரு டாக்டர். ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியாது. பெரிய எழுத்துல இருக்குறது கம்பெனி வச்ச பேரு. கூடவே மருந்தோட பேரும் இருக்கும். அது ரெண்டுலயும் ஒண்ணா இருந்தா மருந்தும் ஒண்ணுதான்."

தூக்க மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். ஒரே மாத்திரை இரட்டிப்பாகப் போனால் ஆபத்தும் கூடும். பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறையில் இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களும் பொள்ளாச்சியில் ஒரு சீட்டு, பாலக்காட்டில் ஒரு சீட்டு என்று வாங்குகிறார்கள். எந்த ஊருக்குப் போனாலும் பழைய சீட்டையும் பழைய அட்டையையும் கையில் கொண்டு போக வேண்டும்.

பையில் இன்னும் இருந்தன. வலி மாத்திரை. இருமல் மருந்து. பாதி தீர்ந்த அரிஷ்டம். அரிஷ்டம் புளிக்க வைத்துச் செய்வது. அதில் இயல்பாகவே கொஞ்சம் மது உண்டு. சில இருமல் மருந்துகளிலும் உண்டு. குடியை நிறுத்துகிறவருக்கு இவை ஆகாது. காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால்கூட அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். குடியால் ஏற்கெனவே கெட்ட ஈரல் அதைத் தாங்காது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மருந்தாளுநர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுத்தார். மையத்தில் அவருடைய முதல் வேலை இது.

5. குளுக்கோஸ் பாட்டில்

கணவர் சோர்ந்து கிடந்தார். அவருடைய அண்ணன் வந்து பார்த்தார்.

"குளுக்கோஸ் பாட்டில் ஒண்ணு ஏத்துங்க சார். தெம்பு வரும்" என்றார்.

மருந்தாளுநர் சிரித்தார். "டாக்டர் வேணும்னு சொன்னா ஏத்துவோம் அண்ணே. அதுக்கு முன்னால இந்த ஊசி போடணும்" என்று ஒரு சிறு புட்டியைக் காட்டினார். அது தயமின். பி1 என்னும் வைட்டமின்.

நிறையக் குடிப்பவர் சரியாகச் சாப்பிடமாட்டார். சாப்பிட்டாலும் குடல் பி1-ஐச் சரியாக எடுத்துக்கொள்ளாது. சர்க்கரையைச் சக்தியாக மாற்ற பி1 வேண்டும். பி1 இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் பி1-ம் தீர்ந்துபோகும். அதனால் மூளை கெடலாம். நடை தள்ளாடும். நினைவு போய்விடும். சிலருக்குப் போன நினைவு திரும்புவதே இல்லை. ஆகவே குளுக்கோஸ் தேவைப்பட்டால் பி1-ஐ முதலில் கொடுப்பார்கள்.

நடுக்கத்துக்கும் வலிப்பைத் தடுக்கவும் வேறு மாத்திரை உண்டு. குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம் என்று பெயர். ஈரல் மிகவும் கெட்டிருந்தால் லோரசெபாம் கொடுப்பார்கள். முன்பு சொன்ன பிரேக்கை நினைத்துப் பாருங்கள். இந்த மாத்திரைகள் பிரேக்கைச் சட்டென்று விடாமல் மெல்ல மெல்ல விடுகின்றன. முதலில் அளவு அதிகம். பிறகு நாளுக்கு நாள் குறைப்பார்கள். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள்.

ஏன் நிறுத்த வேண்டும்? இந்த மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டால் அதற்கும் அடிமையாகலாம். ஒரு குழியிலிருந்து ஏறி இன்னொரு குழியில் விழக் கூடாது அல்லவா? அதனால்தான் மொத்த அட்டையையும் நோயாளி கையில் கொடுப்பதில்லை. அந்த வேளை மாத்திரையை மட்டும் எண்ணிக் கொடுப்பார்கள். விழுங்குவதைப் பார்ப்பார்கள். நோட்டில் எழுதுவார்கள்.

6. பூட்டிய அலமாரி

மையத்தில் மருந்து அலமாரி எப்போதும் பூட்டியிருந்தது. காலையில் எத்தனை மாத்திரை, மாலையில் எத்தனை என்று மருந்தாளுநர் கணக்குப் பார்த்தார். ஒன்று குறைந்தாலும் தேடினார்.

மருந்துக் கடைக்கும் இதுபோல் கணக்கு உண்டு. 2013-ல் நம் நாட்டு மருந்து விதிகளில் எச்1 என்று ஒரு பட்டியல் சேர்த்தார்கள். 2014 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நாம் மேலே பார்த்த டயசெபாம் போன்ற மாத்திரைகள் அதில் உண்டு. அவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார், யாருக்குக் கொடுத்தோம், என்ன மருந்து, எத்தனை என்று கடைக்காரர் தனி நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இந்த மாத்திரை அட்டைகளில் சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்கும். அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். தெரிந்த கடை என்று கேட்டு வாங்கவும் கூடாது.

மையத்தின் அலமாரியில் மாத்திரையோடு இன்னும் இரண்டு பொருள்கள் இருந்தன. புண் துடைக்கும் ஸ்பிரிட். கை துடைக்கும் சானிடைசர். மது கிடைக்காத தவிப்பில் சிலர் இவற்றையே குடித்துவிடுவார்கள். சில வகை ஸ்பிரிட்டில் மெத்தனால் என்னும் விஷம் இருக்கும். கொஞ்சம் குடித்தாலும் கண் போகும், உயிர் போகும். 2020 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வாளையாறு அருகே செல்லங்காவில் கள்ளச்சாராயம் குடித்து 5 பேர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஸ்பிரிட் புட்டியைப் பூட்டி வைப்பதும் ஓர் உயிரைக் காப்பதுதான்.

7. ரப்பர் தந்த மருந்து

இரண்டாம் வாரம் கணவருக்குத் தெளிவு வந்தது. கை நடுக்கம் நின்றது. தானே தேநீர் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். மனைவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். மீண்டும் குடிக்காமல் இருக்க உதவும் மருந்துகளைப் பற்றிச் சொன்னார். முக்கியமாக மூன்று உண்டு.

முதலாவது டைசல்ஃபிரம். மனைவி கடையில் கேட்ட மாத்திரை இதுதான். இதற்கு ஒரு கதை உண்டு. இது ரப்பர் தொழிலில் பயன்பட்ட வேதிப்பொருள். 1930-களில் இந்த வகைப் பொருளைக் கையாண்ட அமெரிக்கத் தொழிலாளர்களிடம் ஒன்றைக் கவனித்தார்கள். அவர்கள் கொஞ்சம் குடித்தாலும் உடம்பு கெட்டது. 1940-களில் டென்மார்க் நாட்டில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பூச்சி மருந்தாகச் சோதித்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது அருந்தியபோது அவர்களுக்கு உடம்பு கெட்டது. குடியை நிறுத்த இது உதவும் என்று அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாவது நால்ட்ரெக்சோன். குடித்தால் வரும் சுகத்தை இது குறைக்கும். ஆனால் இதைச் சாப்பிடும்போது டிரமடால் போன்ற சில பலமான வலி மருந்துகள் வேலை செய்யா. அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் இதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது அகாம்ப்ரோசேட். குடிக்க வேண்டும் என்ற தவிப்பை இது தணிக்கும். சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கு இது ஆகாது.

எதைக் கொடுப்பது என்று டாக்டர் சோதனை செய்து முடிவு செய்வார். அவருக்கு ஈரல் சோதனையும் இதயச் சோதனையும் செய்தார்கள். டைசல்ஃபிரம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் முதலில் அவரிடமே கேட்டார்.

"இதைச் சாப்பிட்டுக் குடித்தால் என்ன ஆகும் என்று புரிந்ததா? சம்மதமா?"

கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் தலை குனிந்தாள்.

"இதைத்தான் உங்களுக்குத் தெரியாம சாப்பாட்டுல போடப் பார்த்தேன்" என்றாள்.

"போட்டிருந்தா?"

"சேச்சி தரமாட்டேன்னுட்டாங்க."

அவர் நீண்ட நேரம் தன் கையைப் பார்த்தார். பிறகு டாக்டர் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டார். நடுக்கம் இல்லாத கையெழுத்து.

8. மிச்சமிருந்த ஏழு மாத்திரை

மூன்று வாரம் முடிந்தது. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் மருந்தாளுநர் இருவரையும் உட்கார வைத்து மருந்துச் சீட்டைப் படிக்கச் சொன்னார். மனைவி படித்தாள். சீட்டில் 1 - 0 - 0 என்று இருந்தது.

"காலையில ஒண்ணு. மதியம் இல்லை. ராத்திரி இல்லை" என்றாள்.

"சரியாச் சொன்னீங்க அக்கா. தினமும் காலையில நீங்க எடுத்துக் கொடுங்க. அண்ணன் உங்க முன்னால சாப்பிடட்டும். ஒளிச்சுக் கொடுக்காம, கேட்டுக் கொடுங்க. அரிஷ்டம், இருமல் மருந்து எது வாங்கினாலும் கடையில இந்தச் சீட்டைக் காட்டுங்க. கண்ணு, தோலு மஞ்சளானா உடனே வாங்க."

முதல் மாதம் நன்றாகப் போனது. பையனுக்குப் புதுச் செருப்பு வாங்கினார்கள். இரண்டாம் மாதம் மருந்து வாங்க பஜாருக்கு வந்தார்கள். அதே சேச்சியின் கடை. சேச்சி பழைய அட்டையைக் கேட்டார். எண்ணினார். ஏழு மாத்திரை மிச்சம் இருந்தது. ஒன்றுகூட இருந்திருக்கக் கூடாது.

சேச்சி சத்தம் போடவில்லை. கடைக்குள்ளே கூப்பிட்டார்.

"தம்பி, ஏழு நாள் சாப்பிடலையே. என்ன விஷயம்?"

"மச்சான் கல்யாணம் வருது சேச்சி. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடிக்கலாம்னு நிறுத்தினேன். இவளுக்குத் தெரியாது. நானே எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டு எடுக்கலை."

மனைவியின் முகம் வாடியது. ஆனால் அவரே உண்மையைச் சொல்லிவிட்டார்.

"கல்யாணம் என்னிக்கு?"

"நாளன்னிக்கு."

"கடைசி மாத்திரை சாப்பிட்டு ரெண்டு வாரம் வரைக்கும் அது உடம்புல வேலை செய்யும். ஏழு நாள் விட்டாச்சு, இனி குடிக்கலாம்னு நினைச்சா கல்யாண வீட்டுலயே விழுந்திருப்பீங்க. நல்ல வேளை, அதுக்கு முன்னால வந்தீங்க. இன்னிக்கே டாக்டரைப் பாருங்க. ஆலோசகர்கிட்டயும் பேசுங்க. திரும்பத் தொடங்கலாமான்னு அவங்க சொல்லட்டும். ஆசை வந்துட்டதேன்னு வெட்கப்படாதீங்க. இந்த நோயில அது வரும்."

எண்ணிக் கொடுப்பதோடு மருந்தாளுநரின் வேலை முடிவதில்லை. திரும்பி வரும்போதும் எண்ணிப் பார்ப்பார். மிச்சமிருந்த ஏழு மாத்திரை அந்த வீட்டில் யாரும் சொல்லாததைச் சொல்லிவிட்டது.

கல்யாணத்துக்கு இருவரும் போனார்கள். அவர் பந்தி பரிமாறினார். மாமன் மகன் மூன்று முறை தனியே கூப்பிட்டான். அவர் போகவில்லை. அடுத்த கல்யாணத்திலும் யாராவது கூப்பிடுவார்கள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மறுநாள் காலையில் அவள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். டாக்டர் திரும்பத் தொடங்கச் சொன்ன மாத்திரை அது.

"எண்ணிட்டியா?" என்று கேட்டார்.

"எண்ணிட்டேன்."

வாங்கி விழுங்கினார். இருவரும் வேலைக்குக் கிளம்பினார்கள்.

9. எங்கே போவது?

கேரள அரசு 2016-ல் விமுக்தி என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. அதன்கீழ் மாவட்டங்களில் அரசு ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்த போதை மீட்பு மையங்களைத் திறந்தார்கள். இடுக்கி மாவட்டத்துக்குச் செறுதோணியிலும், பாலக்காடு மாவட்டத்துக்கு அட்டப்பாடி கோட்டத்துறையிலும் மையம் தொடங்கினார்கள். போகும் முன் விமுக்தி தொலைபேசி எண் 14405-ல் கேட்டுக்கொள்ளலாம். நாடு முழுவதற்குமான எண் 14446. இவற்றுக்குக் கட்டணம் இல்லை.

தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சைக்கு வழி காட்டியவர் சாந்தி ரங்கநாதன். அவருடைய கணவர் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் இளவயதிலேயே இறந்தார். அந்தத் துயரத்தோடு சாந்தி ரங்கநாதன் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. 1980-ல் சென்னையில் கணவர் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கினார். அதன் டி.டி.கே. மருத்துவமனையில் குடிநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறுகிறார்கள். குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை தருகிறார்கள். மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாமும் நடத்தினார்கள். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நினைவில் வையுங்கள்

• குடிப்பவருக்குத் தெரியாமல் எந்த மருந்தும் கலந்து கொடுக்காதீர்கள்.

• தினமும் குடிப்பவர் டாக்டரைப் பார்த்தபின் நிறுத்த வேண்டும். வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

• வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். நாட்டு மருந்தையும் காட்டுங்கள்.

• பதிவு பெற்ற மருந்தாளுநர் இருக்கும் கடையில் மருந்து வாங்குங்கள். பில் கேளுங்கள்.

• ஒருமுறை தவறினால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மறுபடி மையத்துக்குப் போங்கள்.

படித்துப் பழகுங்கள்

1 - 0 - 1 : காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று.
0 - 0 - 1 : இரவு மட்டும் ஒன்று.
1 - 1 - 1 : இது என்ன? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் உள்ள ஒரு மாத்திரை அட்டையை எடுங்கள். அதில் இரண்டு தேதிகள் இருக்கும். முதலாவது தயாரித்த மாதமும் ஆண்டும். இரண்டாவது காலாவதி ஆகும் மாதமும் ஆண்டும். இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. மருந்தாளுநர் மாத்திரை தர மறுத்தது சரியா? ஏன்?

2. மூன்றாம் நாள் இரவில் மனைவி ஜீப்பைக் கூப்பிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

3. கல்யாண வீட்டில் குடிக்கக் கூப்பிடுகிறவரிடம் என்ன சொல்லலாம்?

4. நம் ஊரில் குடிநோயால் துன்பப்படும் ஒரு குடும்பத்துக்கு நாம் என்ன உதவி செய்யலாம்?